ஒன்றாம் ஜன்னலின் ஷட்டர்

பிப்ரவரி 9

என் தங்கக் குட்டிக்கு,

பாட்டி எழுதுகிறேன். உன் உடம்பைப் பற்றிப் பிறகு கேட்கிறேன், முதலில் நம் வீட்டுச் சங்கதிகளைக் கேள். உன் சித்தப்பா மகன் பெரியவனுக்குத் துறைமுகத்தில் பெரிய கிரேனையே ஓட்டக் கொடுத்துவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மேனேஜரும் எறும்பு மாதிரிதான் தெரிவாராம். சொல்லும்போதே பயல் நெஞ்சு இரண்டு பங்காகிறது. அவன் தம்பி, எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் பரீட்சை எழுதி முதல் தடவையே தேறிவிட்டான். இனி நம் தெருவில் எவன் எலும்பு உடைந்தாலும் இவன்தான் படம் பிடிக்க வேண்டும். கடைக்குட்டி ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தாள். இரண்டாவது வந்த பெண்ணை முழங்கையால் இடித்தாள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பார்த்தவர் யாரும் இல்லை.

எல்லோருக்கும் மேலே நீ. அரசாங்க அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்! அதைத் தப்பில்லாமல் எழுதப் பழகுவதற்கே எனக்கு ஒரு பக்கம் வீணானது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்தான் நாம் எல்லோரும். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தவள் நீ ஒருத்திதான். உன் அப்பா இருந்திருந்தால் ஊரையே தூங்கவிட்டிருக்க மாட்டான்.

எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "ஜன்னல்ல உக்காந்து முத்திரை குத்துறதெல்லாம் ஒரு வேலையா?" என்றாள். கையிலிருந்த தண்ணீரை அவள்மேல் வீசினேன். தண்ணீரை மட்டும்தான் வீச நினைத்தேன், வாளியும் கூடவே போய்விட்டது. முன்பல் ஆடுகிறதாம். ஆடட்டும்.

ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்று எழுதியிருந்தாயே, அதுவரை அந்தத் தலைமை எழுத்தர் சொல்வதைத் தட்டாமல் கேள். மற்றபடி எவனாவது குரலை உயர்த்தினால் நீயும் உயர்த்து. உன் அப்பா சின்ன வயசில் யாரிடமோ அடி வாங்கிவிட்டு அழுதுகொண்டு வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. "போய்த் திருப்பிக் குடுத்துட்டு வா, அப்பறம் சோறு" என்றேன். கொடுத்துவிட்டுத்தான் வந்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படி வளர்ந்தவர்கள். இதை மறந்துவிடாதே.

உன் தலைக்கு மேலே மின்விசிறி இருக்கிறதா இல்லையா என்று இதுவரை எழுதவில்லை. எழுது.

உன் பெருமையில் வாழும்
பாட்டி

மார்ச் 2

அன்புள்ள பாட்டிக்கு,

மின்விசிறி இருக்கிறது. சுற்றுவதில்லை.

பதறாமல் படியுங்கள். என் இடது புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். கண் தப்பிவிட்டது. விடுதி அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், நன்றாக இருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருகிறவரை ஒன்றாம் ஜன்னலில்தான் உட்காரவைப்பார்கள். கடை உரிமம் புதுப்பிக்க வருகிறவர்கள் காலையில் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். மதிய மணி அடித்ததும் நான் இரும்பு ஷட்டரை இழுத்து இறக்க வேண்டும். அது இறங்கிவிட்டால் அன்றைய டோக்கன் செல்லாது. மறுநாள் வந்து மறுபடி நிற்க வேண்டியதுதான். "டோக்கன் செத்துப்போச்சு" என்பார்கள் எங்கள் ஆட்கள், சிரித்துக்கொண்டே. தலைமை எழுத்தர் என் நாற்காலிக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவை வயதான அம்மா ஒருவருக்காகக் கொஞ்சம் தாமதித்தேன். சாயங்காலமே என் மேஜையில் மெமோ இருந்தது. இன்னொன்று வாங்கினால் நிரந்தரம் கிடையாது என்றார்.

தையல்காரர் ஒருவர் வந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு முன்னால் இருப்பவரோடு மணி அடித்துவிடும். வியாழக்கிழமை அவருக்குக் கடைசி நாள். அன்று முத்திரை விழாவிட்டால் கடையைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். அவர் ஜன்னலுக்கு வந்து தாளை நீட்டினார், மணி அடித்தது.

"அம்மா, ஒரே ஒரு முத்திரை. குத்திட்டு இறக்குங்கம்மா" என்று ஷட்டருக்குக் கீழே கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இறக்குன்னா இறக்கு! என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று பின்னாலிருந்து தலைமை எழுத்தர் கத்தினார்.

நான் இறக்கினேன் பாட்டி. இரண்டு கையாலும், முழு பலத்தோடு. அந்தக் கை அங்கே இருப்பது தெரிந்துதான் இறக்கினேன். காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. ஷட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சிக்கிக்கொண்டது. நான் குனிந்து அதைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. அவர் மற்றக் கையை மேலே தூக்கி நின்ற பக்கத்து இடைவெளியில் விட்டு, மேஜைமேல் இருந்த இரும்பு முத்திரையை எடுத்து என் முகத்தில் அடித்தார்.

காவலாளியும் தலைமை எழுத்தரும் ஷட்டரை நெம்பி அவரை விடுவித்து, உள்ளே இழுத்து வந்து, பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் போட்டு அடித்தார்கள். கதவைச் சாத்தவில்லை. நாற்காலியின் கால் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காலாலேயே அடித்தார்கள். அவர் கத்துவதை நிறுத்தின பிறகும் காவலாளி நிறுத்தவில்லை. நான் கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

தலைமை எழுத்தர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். "உனக்காகத்தாம்மா கை வச்சோம். எங்க புள்ள மேல ஒருத்தன் கைய நீட்டுவான், நாங்க பாத்துக்கிட்டு இருப்போமா?" என்றார்.

டீயைக் குடித்தேன்.

உங்கள்
குட்டி

மார்ச் 8

என் கண்ணுக்கு,

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உன் சித்தி தண்ணீர் தெளித்தாள். எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, "அந்த ஆளுக்கு உசிரு இருக்கா?" என்றுதான். இருந்தால் அது அவன் அதிர்ஷ்டம். பெண்பிள்ளை முகத்தில் இரும்பால் அடித்தவனுக்கு நாற்காலிக் கால் போதாது. நான் அங்கே இருந்திருந்தால் மேஜையையே தூக்கிப் போட்டிருப்பேன்.

அந்தக் காவலாளிக்கும் தலைமை எழுத்தருக்கும் நான் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொல். அப்பா இல்லாத பிள்ளைக்கு அப்பா ஸ்தானத்தில் நின்றிருக்கிறார்கள். சொந்தக்காரன் செய்வானா இப்படி? இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் அவர்களுக்குச் சாப்பாடு உண்டு என்று சொல்.

தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரியிடம் உரக்கவே சொன்னேன், "என் பேத்திக்கு ஒண்ணுன்னா ஆபீசே எந்திரிச்சு நிக்குது, பாத்தியா?" என்று. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பல்லுக்காகவும் பொத்தியிருக்கலாம்.

பெரியவன் உன்னைப் பார்க்க வருகிறான். இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறான். புருவத்துக்குத் தடவ மருந்து கொடுத்து அனுப்புகிறேன், தழும்பு விழாது. கல்யாணத்துக்கு இருக்கிற பெண், முகம் முக்கியம். மறக்காமல் தடவு.

உன்
பாட்டி

மார்ச் 19

அன்புள்ள பாட்டிக்கு,

அண்ணன் வந்தான். மருந்தைக் கொடுத்தான். தையல்காரர் வீடு எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு எங்கள் காவலாளியோடு டீக்கடையில் வெகுநேரம் நின்று பேசினான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கையை நசுக்கினதை உங்களுக்கு எழுதியிருந்தேன். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடியும் எழுதுகிறேன். நான் அவர் கையை நசுக்கினேன். வலது கை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்களும் கட்டுக்குள் இருக்கின்றன. தாடை உடைந்து கம்பி போட்டிருக்கிறார்கள், வாயைத் திறக்க முடியாது. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் மனைவி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "நீதானா அந்த ஜன்னல்ல உக்காந்திருந்தவ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஓங்கி அறைந்தார். தையல் போட்ட பக்கம். ஒரு தையல் பிரிந்து ரத்தம் கழுத்து வரை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவரே பயந்து தன் முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே திட்டினார். நான் திருப்பி அடிக்கவில்லை பாட்டி. கையைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

மேலிடத்திலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வருகிறார். தையல்காரர் என்னை அடித்துவிட்டு ஓடினார், ஓடும்போது மாடிப்படியில் உருண்டு விழுந்தார், கையும் தாடையும் அதில்தான் போயின. எல்லோரும் இப்படிச் சொல்ல வேண்டுமாம். தலைமை எழுத்தர் என்னை நிற்கவைத்து மூன்று தரம் சொல்லவைத்தார். "வாய் குழறக் கூடாது. குழறினா உன் வேலையும் போச்சு, எங்க உசிரும் போச்சு. உனக்காகத்தான் செஞ்சோம், ஞாபகம் வச்சுக்க" என்றார். காவலாளி பக்கத்தில் நின்றுகொண்டு என் தோளை மெதுவாகத் தட்டிக் கொடுத்தார். அந்தக் கையைப் பார்த்தேன். விரல் முட்டியில் இன்னும் காயம் ஆறவில்லை.

உள்ளே நடந்ததைப் பார்த்தவள் நான் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அவர் என்னை அடித்தது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இப்போதும் குனிந்தால் தலை தெறிக்கிறது. ஆனால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள்
குட்டி

மார்ச் 27

குட்டிக்கு,

திருப்பி அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆறாத புண்ணில் அறைகிறாள் ஒருத்தி, நீ கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய். யார் வளர்த்த பிள்ளை நீ?

நீ செய்யாததை நம் வீட்டில் செய்ய ஆள் இருக்கிறது. பெரியவனைக் கூப்பிட்டு நான்தான் போகச் சொன்னேன். துறைமுகத்துக் கூட்டாளிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு போனான். ஒரே உதையில் கதவு கீலோடு வந்துவிட்டதாம். "விசாரணை கிசாரணைன்னு எவளாவது வாயத் தொறந்தீங்க, அடுத்த தடவ வீடே இருக்காது" என்று சொல்லிவிட்டு, அந்த ஆளின் தையல் மெஷினைத் தலைக்குமேல் தூக்கித் தெருவில் போட்டிருக்கிறான். இரும்பு மெஷின்! அதைத் தூக்க எவனுக்கு வரும்? குறுக்கே வந்த அந்தப் பொம்பளையைத் தள்ளியதில் தோளோ கையோ ஏதோ ஒன்று பிசகிவிட்டதாம். குறுக்கே வராமல் இருந்திருக்கலாம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இதில் கேட்க என்ன இருக்கிறது? மாடிப்படியில் விழுந்தான். அவ்வளவுதான். கையைப் பற்றி நீ இரண்டு தரம் எழுதிவிட்டாய், நானும் இரண்டு தரம் படித்துவிட்டேன். மூடுகிற ஷட்டரில் கை வைத்தது யார்? மணி அடித்தால் இறக்கு என்று சொன்னது அரசாங்கம். அரசாங்கம் சொன்னதைத்தான் நீ செய்தாய். உன்னைக் காப்பாற்றினவர்களைக் காட்டிக்கொடுக்கிற வேலை நம் குடும்பத்தில் கிடையாது.

நிரந்தரம் ஆகிவிட்டால் அப்புறம் உன்னை எவனும் அசைக்க முடியாது. இன்னும் கொஞ்ச மாதம். பல்லைக் கடித்துக்கொண்டு இரு. நான் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது உன்னால்தான் என்பது உனக்குத் தெரியும். அதைக் கெடுத்துவிடாதே.

பாட்டி

ஏப்ரல் 6

பாட்டிக்கு,

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு அம்மா. முதலில் நான் மாடிப்படி என்றுதான் ஆரம்பித்தேன். படி என்று சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொல்லப்போறது உன் வேலைக்கே உலை வைக்கும்னா, யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். யோசித்தேன். ஷட்டரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். என் கையில் ஆரம்பித்தால்தான் மற்றதை நம்புவார் என்று தோன்றியது.

காவலாளியையும் தலைமை எழுத்தரையும் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். போகும்போது தலைமை எழுத்தர் என் மேஜைமேல் காறித் துப்பினார். "உனக்காகத்தாண்டி செஞ்சோம்!" என்றார். அலுவலகத்தில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. நேற்று என் டிபன் பாக்ஸில் மை கொட்டியிருந்தது. இன்று கவலையில்லை, வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். தகுதிகாண் காலத்தில் இருப்பவளுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லையாம். கையை நசுக்கியதற்கு என்மேல் வழக்கும் உண்டு. அது சரிதான்.

அந்தப் பொம்பளைக்குப் பிசகியது தோளும் இல்லை கையும் இல்லை, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு முறிந்துவிட்டது. புருஷன் ஒரு வார்டில், மனைவி ஒரு வார்டில். அண்ணன் செய்ததையும் சொன்னேன். பேர், ஊர், துறைமுகம், கிரேன், எல்லாம். போலீஸ் அங்கே வரும்.

"உங்க அண்ணன அனுப்புனது யாரு?" என்று அந்த அம்மா கேட்டார். அதற்கு மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.

பேத்தி

ஏப்ரல் 21

குட்டிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நான் யார் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்?

போலீஸ் வந்தது. பெரியவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டோடு எழுந்து ஒருவரை அடிக்கப் போனான். அவர்கள் நாலு பேர். வாசல்வரை அடித்துக்கொண்டே போனார்கள். கிரேன் ஓட்டுகிற பிள்ளை, சட்டைப் பொத்தான் எல்லாம் தெறித்து, தெருவில் முழங்காலில் கிடந்தான். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "பாட்டி, சொல்லு பாட்டி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. எதைச் சொல்லச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா? என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

அன்று சாயங்காலம் உன் சித்தப்பா, "அவ இந்த வீட்டுப் பொண்ணே இல்ல" என்று சுவரில் இருந்த உன் போட்டோவைப் பிடுங்கித் தரையில் அடித்தான். கண்ணாடி சிதறினது போதாமல் செருப்புக் காலால் மிதித்தான். உள்ளே இருந்த படத்தை எடுத்துக் கிழித்தான். நான் அடுப்படியிலிருந்து இரும்புக் கரண்டியோடு வந்து அவன் மண்டையில் போட்டேன். பெற்ற பிள்ளைதான், அதற்கென்ன. அவன் என்னைத் தள்ளினான். கதவு நிலையில் மோதி உதடு கிழிந்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து கத்தினேன், "அவ அனுப்பலடா, நான் அனுப்பினேன்! அடிக்கிறதுன்னா என்ன அடி!" என்று. கடைக்குட்டி மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் என் உதட்டைப் பார்த்துவிட்டு, மகன்மேல் புகார் கொடுக்க வந்தேன் என்று நினைத்தார். "அந்தத் தையக்காரர் வீட்டுக்கு என் பேரன அனுப்புனது நானு. எழுதிக்கங்க" என்றேன். சிரித்தார். "வயசான காலத்துல வீட்ல போய் உக்காருங்க பாட்டி" என்றார். மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், அவருடைய தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு எழுதினார். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்தேன். வயோதிகம் காரணமாக யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தார். "வயசு செஞ்ச வேல இல்லய்யா, நான் செஞ்ச வேல. நல்லா யோசிச்சுத்தான் அனுப்புனேன். அடிங்க அந்த வரிய" என்றேன். அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை, கையெழுத்து.

கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவனுக்கு வேலை போய்விட்டது. உன் சித்தப்பா மண்டையில் கட்டோடு திரிகிறான், என்னோடு பேசுவதில்லை. உன் சித்தி எனக்குச் சோறு வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போகிறாள். எதிர்வீட்டுக்காரி மட்டும் வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன். உதட்டுக்குப் போட ஐஸ் கொண்டுவந்திருந்தாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் உன்னை அடித்ததை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. அது வேறு. நீ அவன் கையைப் பற்றி எழுதினபோது நான் படிக்காத மாதிரி இருந்தேனே, அது வேறு. நன்றாகத்தான் படித்தேன். அந்த வரி வந்த இடத்தில் கண்ணை எடுத்து அடுத்த வரியில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

பதில் எழுதச் சொல்லவில்லை. நீ பிடிவாதக்காரி, என் வயிற்றில் பிறந்தவனுக்குப் பிறந்தவள். சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. கிழிந்ததை ஒட்டிப் பார்த்தேன், வாய் இருந்த துண்டு கிடைக்கவில்லை. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. நானே மாட்டிக்கொள்கிறேன், எவன் எடுக்கிறான் என்று பார்க்கிறேன். முடியை முன்னால் விட்டுப் புருவத்தை மறைக்காதே, அது தெரியட்டும். மடங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்து அனுப்பு.

பாட்டி